இரு தோலுடைய ரொட்டி

பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து கிள்ளானின் ஜாலான் தெங்கு கெலானா வரையில், விடியுமுன்பே அடுப்பு மூட்டிவிடும் கடைகளில் எத்தனை வகை ரொட்டிகள் வேகின்றன என்று ஒருவர் நிதானமாகப் பார்த்துக்கொண்டே சென்றால், ரொட்டி சானாய், சப்பாத்தி, பூரி, களிமண் அடுப்பின் சுவரில் ஒட்டி எடுக்கும் நான் ஆகிய யாவும் ஒரே தானியத்தின் மாவிலும் ஒரே தண்ணீரிலும் பிறந்தவையாயினும், சூட்டைச் சந்திக்கும் விதத்தினாலேயே வெவ்வேறு இனங்களாகப் பிரிந்துபோயின என்பது அவருக்குப் புலப்படும். இந்தக் குடும்பத்தில் நம் ஊருக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது பிட்டா. புக்கிட் பிந்தாங் வட்டாரத்து அரபு உணவகங்களிலும், பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தைகளில் கெபாப் விற்கும் கடைகளிலும் இப்போது அது சர்வசாதாரணமாகக் காணப்படுகிறது. பேரங்காடிகளில் பிளாஸ்டிக் பைக்குள் அடைபட்டு, தொட்டால் அட்டைபோலிருக்கும் நிலையிலும் கிடைக்கிறது. அந்த அட்டையை விலைகொடுத்து வாங்குவதைவிட வீட்டில் செய்துகொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். செய்வது கடினமன்று. ஆனால் அதன் உள்ளே நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொண்டு செய்கிறவருக்கும், குறிப்பை மட்டும் பார்த்துச் செய்கிறவருக்கும் பலன் ஒன்றாக இராது.

பிட்டாவின் விசேஷம் அதன் உருவத்தில் இல்லை. உள்ளே இருக்கும் வெளியில் இருக்கிறது. ஓரத்தைக் கத்தியால் கீறினால், மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவே ஒன்றுமில்லை என்னும்படி ஒரு பை திறந்துகொள்கிறது. அந்தப் பையை யாரும் மடித்து ஒட்டவில்லை. வட்டமாகத் தேய்த்த ஒரே தகடு, அடுப்பில் விழுந்த இரண்டொரு நிமிஷத்துக்குள் தானாகவே தன் நடுத்தளத்தின் வழியே பிளந்துகொண்டு எழுகிறது. இந்த எழுச்சிக்குக் காரணம் ஈஸ்ட் என்று சமையற் புத்தகங்கள் பல எழுதிவிடுகின்றன. நான் அதை ஒப்புக்கொள்வதற்கில்லை. ஈஸ்ட் இங்கே உதவியாள் மட்டுமே. பையை ஊதுவது தண்ணீர். அது ஊதுமா, ஊதாமல் போய்விடுமா என்பதைத் தீர்மானிப்பதோ, சூடு எவ்வளவு என்பதைக் காட்டிலும், அந்தச் சூடு எவ்வளவு விரைவாக மாவுக்குள் வந்து சேருகிறது என்பதே.

இதற்குச் சாட்சி தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. கிள்ளானிலும் செந்தூலிலும் உள்ள குருத்துவாராக்களின் சமையற்கூடத்தில் சப்பாத்தி இடுகிறவர்களிடத்தில் ஈஸ்ட் என்ற பேச்சே கிடையாது. ஆயினும் ஒழுங்காகத் தேய்த்த சப்பாத்தி, கல்லிலிருந்து நெருப்புக்கு மாறியவுடன் முழுதாக உப்பி எழுகிறது. பூரியும் அப்படியே. சாட்சியோடு கணக்கும் சேர்ந்துகொள்கிறது. பிட்டா மாவைத் தேய்க்கும்போது அதில் ஈஸ்ட் உண்டாக்கியிருந்த கரியமில வாயுவின் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. எஞ்சிய வாயு 30 டிகிரியிலிருந்து (இக்கட்டுரையில் வரும் டிகிரிகள் யாவும் செல்சியஸ்) 100 டிகிரிக்குச் சூடேறும்போது, வாயுக்களின் பொதுவிதிப்படி தன் கனஅளவில் கால்பங்குகூடப் பெருகுவதில்லை. ஒரு கிராம் தண்ணீரோ, கொதித்து ஆவியாகையில், ஏறத்தாழ 1,670 மில்லிலிட்டர் இடத்தைத் தன்வசமாக்கிக்கொள்கிறது.

இந்த எண்ணை ஒரு ரொட்டியின்மேல் வைத்துப் பார்ப்போம். 80 கிராம் மாவு உருண்டையை 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டமாகத் தேய்த்தால் அதன் கனம் சுமார் 4 மில்லிமீட்டர் வரும். அது முழுதாக உப்பியபோது உள்ளே இருக்கும் வெளியை 600 மில்லிலிட்டர் என்று கொள்ளலாம். அதை நிரப்ப வேண்டிய ஆவி 0.36 கிராம், அதாவது ஏழு துளித் தண்ணீர். அந்த உருண்டையில் நாம் ஊற்றிப் பிசைந்த நீர் மட்டும் ஏறத்தாழ 30 கிராம் இருக்கிறது! மேல்தோலைத் தூக்குவதற்கு வேண்டிய அழுத்தமும் அற்பமே. 40 கிராம் எடையுள்ள மேற்பாதி 177 சதுர சென்டிமீட்டரில் பரவிக் கிடக்கிறபடியால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிராம் பாரமும் இல்லை. மாவின் பசையும் இழுவையும் காட்டும் எதிர்ப்பைச் சேர்த்துக்கொண்டாலும், இட்டிலிக் கொப்பரையின் மூடியைக் கடகடவென்று ஆட்டிவைக்கும் ஆவிக்கு இது ஒரு வேலையே அன்று. ஆகையால் ஆவி போதாமற்போவது நடவாத காரியம். ஆவி தங்காமற்போவதுதான் ஆபத்து.

தங்குவதற்குத் தோல் வேண்டும். மாவுத் தகடு சூடான தளத்தைத் தொட்டவுடன் அதன் அடிப்புறமும், மேலிருந்து வரும் வெப்பக் கதிர்களால் மேற்புறமும் ஏககாலத்தில் காய்கின்றன. 60 டிகிரியை ஒட்டி மாச்சத்தின் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்துக் கூழாகின்றன. இன்னும் சற்று மேலே போனால் புரதத்தின் வலை இறுகிக் கெட்டிப்படுகிறது. இந்த இரண்டு மாறுதல்களும் நிகழ்ந்துவிட்ட பகுதி, வளைந்து கொடுக்கக்கூடியதும் ஆவியை எளிதில் வெளியே விடாததுமான ஒரு தோலாகிவிடுகிறது. இரு தோல்களுக்கும் இடைப்பட்ட பகுதி அப்போது இன்னும் வேகாத பசையாகவே இருக்கிறது. மேலும் கீழும் தோலை அடுத்த இடத்தில் பிறக்கும் ஆவி, குளிர்ந்திருக்கும் நடுப்பகுதியை நோக்கி நகர்ந்து, அங்கே மறுபடியும் நீராகப் படிந்து, தான் சுமந்து வந்த உள்ளுறை வெப்பத்தை இறக்கிவைக்கிறது. ஒரு கிராமுக்கு 540 கலோரி. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் ஆராய்ந்து வெளிப்படுத்திய இந்த மறைந்த வெப்பமே, கனமில்லாத ஒரு மாவுத் தகட்டின் நடுவை இத்தனை வேகமாகக் கொதிநிலைக்குக் கொண்டுபோகிறது. நடுத்தளமும் 100 டிகிரியை எட்டிய அந்தக் கணத்தில், அங்கங்கே சிதறியிருந்த குமிழிகள் பருத்து, அடுத்ததோடு சேர்ந்து, ரொட்டியின் ஒரு மூலையில் ஒரு மேடு எழும்புகிறது. அதன்பிறகு ஐந்தாறு விநாடிதான். இணைப்பு இல்லாத இடத்தை நோக்கி ஆவி தானே வழிகண்டு பரவி, எதிர்க்கரை வரையில் பிரித்துவிடுகிறது.

குமிழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றை ஈஸ்ட் படைப்பதாகவே நெடுநாள் எண்ணப்பட்டது. 1941இல் பேக்கர், மைஸ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், குமிழிகளின் வித்து பிசையும்போது மாவில் சிக்கிக்கொள்ளும் காற்றே என்றும், ஈஸ்டின் வாயு ஏற்கனவே உள்ள அந்த வித்துக்களில் புகுந்து அவற்றைப் பெரிதாக்குவதல்லாமல் புதிய குமிழி எதையும் உண்டாக்குவதில்லை என்றும் காட்டினார்கள். ஆகவே ஆவிக்குப் புகலிடம் அமைத்துக்கொடுப்பதில் பிசையும் கைக்கே முதற்பங்கு.

மாவைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை என்று எண்ணுகிறவர்கள் உண்டு. இங்கே அவர்கள் சொல் செல்லாது. அரிசி மாவில் ஏன் பிட்டா செய்ய முடியாது என்ற கேள்விக்கு விடை, 1728இல் இத்தாலியின் பொலோஞாவில் பெக்காரி என்னும் மருத்துவப் பேராசிரியர் எடுத்துரைத்து 1745இல் அச்சேறிய ஒரு பரிசோதனையில் இருக்கிறது. கோதுமை மாவைப் பிசைந்து, அந்த உருண்டையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால், வெள்ளை மாச்சத்து கரைந்து ஓடிவிட, கையில் இழுத்தால் நீளும் ரப்பர் போன்ற ஒரு வஸ்து எஞ்சுகிறது. அதுவே குளூட்டன். கிளையடின், குளூட்டெனின் என்ற இருவகைப் புரதங்கள் நீரோடு சேர்ந்து பின்னிக்கொண்ட வலை அது. முன்னது மாவுக்கு நீளும் குணத்தையும், பின்னது நீண்டபின் மீளும் குணத்தையும் தருகிறது. சீனர்களின் சைவக் கடைகளிலும், அவர்களைப் பார்த்து நம் சைவ உணவகங்களிலும் ‘மோக் மட்டன்’ என்று பிரட்டிக் கொடுக்கப்படுவதில் பெரும்பாலும் இருப்பது இந்தப் பொருள்தான் என்பதை, அதை ருசித்துச் சாப்பிடுகிறவர்களில் அநேகர் அறியமாட்டார்கள். அரிசியில் இப்புரதங்கள் இல்லை. ஆகவே தோசை மாவு எவ்வளவு புளித்தாலும் கண்கண்ணாகத் துளைபட்டு நிற்குமேயன்றி ஒரே பையாக எழாது.

மலேசிய மண்ணில் கோதுமை விளைவதில்லை. 1960களில் லூமூட்டிலும், அப்போது சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று வழங்கி 1972இல் பெயர் மாறிய கிள்ளான் துறைமுகத்திலும் மாவாலைகள் அமைந்த காலந்தொட்டு, ஆஸ்திரேலியாவிலிருந்தும் வடஅமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வரும் தானியம் இங்கேயே அரைபடுகிறது. கடைத்தட்டில் ஒரே வெள்ளை நிறத்தில் வரிசையாக இருக்கும் பொட்டலங்களுக்குள் உள்ள வித்தியாசம் புரத அளவில்தான்: கேக்குக்கும் பலகாரத்துக்கும் உரிய மென்மாவில் 100 கிராமுக்கு 8, 9 கிராம், பொது உபயோக மாவில் 10, 11, ரொட்டிக்கென்று விற்கும் உயர்புரத மாவில் 12 முதல் 14 வரை. பிட்டாவுக்குப் பொது உபயோக மாவே போதும். உயர்புரத மாவு உறுதியான தோலைத் தரும், ஆனால் தேய்க்கத் தேய்க்கச் சுருங்கிக்கொண்டு பொறுமையைச் சோதிக்கும். ஆட்டா மாவைக் கலக்க விரும்புகிறவர்கள் மூன்றிலொரு பங்கோடு நிறுத்திக்கொள்வது உசிதம். தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் வலையைக் கிழித்து ஆவிக்கு வாசல் திறந்துவிடும்.

சுருங்கும் இந்தக் குணத்துக்கு மருந்து ஓய்வுதான் என்பதை நம் மாமாக் கடைக்காரர்கள் எந்த ரசாயன நூலும் படிக்காமலே அறிந்திருக்கிறார்கள். ரொட்டி சானாய் உருண்டைகளை எண்ணெயில் முக்கிப் பல மணி நேரம், சிலர் இரவு முழுவதும், அப்படியே விட்டுவிடுவதால், முறுக்கேறிய வலை தளர்ந்து, மறுநாள் ஒரே வீச்சில் மேஜையகலத்துக்கு விரிந்து கொடுக்கிறது. அந்த மெல்லிய தாளை அவர்கள் எண்ணெயோடு மடித்துப் பல அடுக்குகளாக்குகிறார்கள். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே கொழுப்புப் படலம் நின்று ஒட்டாமல் தடுக்க, ஆவி அவற்றைப் பிரிக்கிறது. வெந்த ரொட்டியை இரு கைகளாலும் அடித்து நொறுக்குவது அலங்காரத்துக்கன்று. ஆவி பிரித்துவைத்ததை முழுதாக விடுவிப்பதற்கு. பிட்டாவில் கொழுப்புப் படலம் இல்லை, மடிப்பும் இல்லை. இரண்டே அடுக்கு; அந்த இரண்டையும் பிரிக்கும் கோட்டை வெப்பமே வரைந்துகொள்கிறது.

வீட்டுக்குரிய அளவு இது: மாவு 500 கிராம், தண்ணீர் 310 கிராம், உப்பு 8 கிராம், எண்ணெய் 15 கிராம், உலர் ஈஸ்ட் 3 கிராம். இதில் 80 கிராமுக்குச் சற்று மிகுந்த எடையில் 10 உருண்டைகள் கிடைக்கும். படியாலும் கரண்டியாலும் அளப்பதை நான் ஆதரிப்பதில்லை. நம் நாட்டின் ஈரக்காற்றில் மாவு தானாகவே நீரை ஏற்றுக்கொண்டு கனக்கிறபடியால், தராசில் நிறுத்த பிறகும்கூடத் தண்ணீரில் ஒரு கரண்டியை முன்பின்னாக வைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

ஈஸ்டின் ஜீவியம் பற்றி 1857இல் பாஸ்டர் தொடங்கிவைத்த ஆராய்ச்சி இன்று பாடப்புத்தகச் செய்தி. மாவிலுள்ள நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க, அதை உண்டு ஈஸ்ட் கரியமில வாயுவையும் சாராயத்தையும் வெளியிடுகிறது; கள் பொங்குவதும் இதே வினைதான், அப்ப மாவில் நம் முன்னோர் கள் ஊற்றியதும் இதற்காகத்தான். பிட்டாவுக்கு ஈஸ்ட் கொடுப்பது மணமும், தோலின் உட்புறத்தில் ஒரு பஞ்சுத்தன்மையும். அது இல்லாமலும் ரொட்டி உண்டு: யோர்தானின் வடகிழக்குப் பாலையில் ஷுபைக்கா என்னுமிடத்தில் அகழ்ந்தெடுத்து 2018இல் அறிவித்த கரிந்த ரொட்டித் துண்டுகள் ஏறத்தாழ 14,400 ஆண்டுகளுக்கு முற்பட்டவை; உழவுத்தொழில் தோன்றுமுன்பே, காட்டுத் தானியத்தை இடித்துச் சுட்ட புளிப்பில்லாத தட்டை ரொட்டி அது.

ஆனால் ஈஸ்ட் விஷயத்தில் நம் சீதோஷ்ணத்தைக் கவனிக்காமல் இருப்பதற்கில்லை. குளிர்நாட்டுச் சமையற் குறிப்புகள் மாவை ஒன்றரை மணி நேரம் பொங்கவிடச் சொல்லும்போது, அவற்றை எழுதியவரின் சமையலறை 22 டிகிரியில் இருந்திருக்கும். சாலாக் செலாத்தானில் நான் குடியிருப்பதைப் போன்ற அடுக்குமாடி வீடுகளின் சமையலறை பிற்பகலில் 31 டிகிரிக்குக் குறைவதில்லை. பத்து டிகிரி ஏறினால் ஈஸ்டின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்ற விதிப்படி, அந்த ஒன்றரை மணி இங்கே ஐம்பது நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அதற்குமேல் விட்டால் மாவு புளித்து, வலை தளர்ந்து, தேய்த்த தகட்டில் பெரிய குமிழிகள் மேல்தோலை ஒட்டியே வந்து நிற்கும். அங்கேதான் ஆவி பிய்த்துக்கொண்டு போகும். பரிகாரம் எளிது. ஐஸ்பெட்டித் தண்ணீரில் பிசைந்தால் மாவு 20 டிகிரியை ஒட்டித் தொடங்கி மெல்ல ஏறும். அதைவிட நல்லது, ஈஸ்டைப் பாதியாகக் குறைத்து, பிசைந்த மாவை மூடி இரவு முழுவதும் ஐஸ்பெட்டியில் வைத்துவிடுவது. 4 டிகிரிக் குளிரில் ஈஸ்ட் ஏறக்குறைய உறங்கிப்போனாலும் நொதிகளின் வேலை மெல்ல நடந்துகொண்டிருப்பதால், காலையில் கிடைக்கும் மாவு மணத்திலும் மிருதுவிலும் அவசரமாகச் செய்ததை எங்கோ விட்டுவிடுகிறது.

உருட்டிய பின் பத்து நிமிஷம், தேய்த்த பின் மறுபடி பத்து நிமிஷம் ஈரத்துணியின் கீழ் ஓய்வு. மின்விசிறிக்கு நேரே வைத்தல் கூடாது. காய்ந்த மேற்பரப்பு அடுப்பில் நீளாமல் வெடிக்கும். தேய்ப்பதில் ஒரே நிபந்தனை கனம் எங்கும் சமமாக இருப்பது. நடு மெலிந்து ஓரம் தடித்த தகட்டில், நடு முந்தி வெந்து காய்ந்துபோகையில் ஓரம் இன்னும் பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கும். பை பாதியில் நின்றுவிடும். உலர்மாவை அள்ளித் தூவுவதும், தகட்டில் ஒரு மடிப்பு விழுந்ததைக் கவனியாமல் தட்டிவிடுவதும் இதே குற்றத்தைச் சேர்ந்தவை.

இனி அடுப்பு. விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான்.

மேற்காசிய நகரங்களின் ரொட்டிச் சாலைகளில் அடுப்பு 450 டிகிரியிலும் அதற்கு மேலும் கனன்றுகொண்டிருக்க, பிட்டா ஒரு நிமிஷத்தில் வெந்து வெளியே வருகிறது. வீட்டு மின்சார ஓவனின் எல்லை 250 டிகிரி. வித்தியாசம் 200 டிகிரிதானே என்று நினைப்பவர், வெப்பக் கதிர்வீச்சு உஷ்ணநிலையின் நான்காம் பெருக்கத்தை ஒட்டி வளர்கிறது என்று 1879இல் ஸ்டெஃபான் கண்டு 1884இல் போல்ட்ஸ்மன் நிறுவிய விதியை நினைவுகூரவேண்டும். தனிப்பூஜ்யத்திலிருந்து எண்ணும் அளவில் 450 டிகிரி என்பது 723. 250 டிகிரி என்பது 523. நான்கு முறை பெருக்கிப் பார்த்தால் முன்னதன் சுவர்கள் பின்னதைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல் வெப்பத்தை வீசுகின்றன. சாதாரணத் தட்டில் வைத்து வீட்டு ஓவனில் தள்ளிய பிட்டா, தோல் அமைவதற்குமுன் மெல்ல மெல்ல நீரை இழந்து, உப்பாத பிஸ்கட்டாக முடிவது இதனால்தான்.

இந்தக் குறையை நிவர்த்திக்க ஓவனுக்குள் செங்கல்லோ கல்பலகையோ வைக்கும்படி வெளிநாட்டு நூல்கள் உபதேசிக்கின்றன. செங்கல் என்றதும் பிரிக்பீல்ட்ஸ் நினைவுக்கு வராமல் இராது. 1881இன் தொடக்கத்தில் தீயும் அவ்வாண்டின் இறுதியில் வெள்ளமும் கோலாலம்பூரின் மரக் கட்டிடங்களையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்த பிறகு, 1882இல் சிலாங்கூரின் ரெசிடென்டாக வந்த சுவெட்டன்ஹாம் நகரத்தைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மறுபடி கட்டும்படி செய்ய, காப்பித்தான் யாப் ஆ லோய் சூளைகளுக்கென்று அமைத்த நிலப்பரப்பே அது. அந்தச் சூளைகளின் களிமண், நானைச் சுடும் தந்தூர் அடுப்பின் களிமண், ரொட்டிச் சாலையின் அடுப்புத் தளம் ஆகிய மூன்றும் ஒரே பௌதிக இயல்புடையவை: வெப்பத்தை ஏராளமாக வாங்கிவைத்துக்கொள்ளும், ஆனால் கொடுப்பதில் தாமதம் காட்டும்.

இந்தத் தாமதத்தைக் கணக்கிட முடியும். சூடு வேறுபட்ட இரு பொருள்கள் தொட்டுக்கொள்ளும்போது, தொடுமுகத்தின் உஷ்ணநிலை இரண்டுக்கும் நட்டநடுவே அமைவதில்லை. வெப்பத்தைத் தாராளமாகக் கொண்டுவந்து கொட்டும் பொருளின் பக்கமாகவே சாய்கிறது. வெப்பங்கடத்தும் திறன், அடர்த்தி, தன்வெப்பம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்தத் தாராளத்தின் அளவு கிடைக்கும். செங்கல்லுக்கு அது ஏறக்குறைய மாவின் அளவேதான். வார்ப்பிரும்புக்கோ மாவைப்போல் சுமார் 12 மடங்கு. ஆகவே 250 டிகிரிச் செங்கல்லின்மேல் 30 டிகிரி மாவை வைத்தால் தொடுமுகம் 140 டிகிரியில்தான் நிற்கிறது. அதே 250 டிகிரி வார்ப்பிரும்பின்மேல் வைத்தால் 230 டிகிரியை எட்டுகிறது. 450 டிகிரியில் கனலும் ரொட்டிச் சாலையின் செங்கல் தளத்திலோ 240. 230, 240 என்னும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், நம் வீட்டுத் தோசைக்கல்லின் அருமை எனக்கு முழுதாக விளங்கிற்று. மாவின் அடிப்புறத்தைப் பொறுத்த மட்டில், 250 டிகிரி ஓவனுக்குள் வைத்த இரும்புத் தோசைக்கல், பெரிய அடுப்பின் 450 டிகிரித் தளத்துக்கு ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. மூர்க்கமான அடுப்புக்குச் செங்கல் தகும், ஏனெனில் அங்கே இரும்பு ரொட்டியைக் கரித்துவிடும். சாதுவான அடுப்புக்கு இரும்பே தகும். விலையுயர்ந்த கல்பலகையை வாங்கி வைத்திருப்பவர்கள் வருத்தப்படக்கூடாது.

கைப்பிடியில் மரமோ பிளாஸ்டிக்கோ இல்லாத வார்ப்பிரும்புக் கல்லாக இருக்கவேண்டும். ஒட்டாத பூச்சுள்ளது ஆகாது. ஓவனை 250 டிகிரிக்கு வைத்து, விளக்கு அணைந்தவுடன் மாவை உள்ளே தள்ளுவது பெரும்பாலோர் செய்யும் காரியம். அந்த விளக்கு அறிவிப்பது காற்றின் சூட்டை மாத்திரமே. 40 லிட்டர் ஓவனுக்குள் 250 டிகிரியில் இருக்கும் காற்றின் எடை 27 கிராம். அது வைத்திருக்கும் வெப்பம் 1,500 கலோரிக்கும் குறைவு. இரண்டரைக் கிலோ தோசைக்கல் அதே சூட்டில் 60,000 கலோரி வைத்திருக்கும். அதைச் சேர்க்க அரைமணி நேரமாவது காயவிடவேண்டும். கதவைத் திறந்தால் சூடு போய்விடுமே என்று பதறுவதற்கும் இந்தக் கணக்கே சமாதானம் சொல்லும்: போவது காற்றின் சொற்பச் சூடுதான், கல்லின் சேமிப்பு அப்படியே இருக்கும். ஒரு பிட்டா வேக எவ்வளவு செலவாகிறது? 80 கிராம் மாவை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு உயர்த்த சுமார் 3,600 கலோரியும், வேகும்போது அது இழக்கும் 8 கிராம் நீரை ஆவியாக்க 4,300 கலோரியுமாக, மொத்தம் 8,000 கலோரி. முழுவதையும் கல்லே கொடுப்பதாயிருந்தால் அதன் சூடு 30 டிகிரி இறங்கிவிடும். மேலிருந்து வரும் கதிர்கள் ஒரு பங்கைச் சுமப்பதால் அவ்வளவு இறங்காது என்றாலும், ஒரு ரொட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு நிமிஷம் பொறுப்பது அவசியம். நாலாவது ஐந்தாவது ரொட்டி உப்பவில்லை என்று மாவைக் குறைசொல்கிறவர்கள் கல்லைத்தான் விசாரிக்கவேண்டும். மேற்புறக் குறையைத் தீர்க்க, மேற்கம்பியை எரியவிட்டு, கல்லை அதற்கு ஒரு சாண் கீழே வைத்துக்கொண்டால் போதும். இரண்டு நிமிஷத்தில் எழும், மூன்றில் வெந்துவிடும். நிறம் ஏற வேண்டுமென்று மேலும் விடலாகாது. சிவந்த பிட்டா வளையாது.

ஓவன் இல்லாத வீடுகளுக்குக் கேஸ் அடுப்பே போதும். நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் தடவாமல் தகட்டை இட்டு, பதினைந்து இருபது விநாடியில் திருப்பிவிடவேண்டும். இந்த முதற்சூட்டின் நோக்கம் வேகவைப்பதன்று, ஒரு பக்கத்தில் மெல்லிய தோலை அமைப்பது மட்டுமே. இரண்டாம் பக்கம் ஒரு நிமிஷம். மறுபடி திருப்பியதும் குமிழிகள் எழும். மடித்த துணியால் அவற்றை ஓரத்தை நோக்கி மெதுவாக அழுத்திக் கொடுத்தால், ஒன்றோடொன்று கலந்து முழு ரொட்டியும் எழுந்துவிடும். சப்பாத்தி இட்டுப் பழகிய கைகளுக்கு இது புதிதாக இராது. சுவை ஓவனில் வெந்ததற்கு ஒரு மாற்றுக் குறைவு என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

எடுத்த ரொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் துணியில் சுற்றி வைத்தால், உள்ளே எஞ்சிய ஆவி தோலை மென்மையாக்கும். மிஞ்சியதை எங்கே வைப்பது என்பதில்தான் நம் ஊரில் சங்கடம். வெளியே வைத்தால் ஈரக்காற்றில் இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடிக்கிறது. அதற்கு அஞ்சி ஐஸ்பெட்டியில் வைத்தால் மறுநாளே விறைத்துப்போகிறது. காய்ந்துபோவதால் விறைக்கிறது என்று எண்ணுவது தவறு. நீர் சிறிதும் வெளியேறாதபடி மூடிவைத்த ரொட்டியும் விறைக்கிறது என்பதை 1852இலேயே பூசிங்கோ என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர் காட்டினார். வெந்தபோது குலைந்துபோன மாச்சத்தின் சங்கிலிகள் குளிரக் குளிர மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொள்வதே காரணம். அந்த அடுக்கல் மிக விரைவாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் இருக்கும் குளிரில்தான். உறைபெட்டியின் குளிரில் அது அநேகமாக நின்றுவிடுகிறது. ஆகையால் அன்றைக்குத் தின்றதுபோக எஞ்சியதை, சூடு ஆறியவுடன் பையிலிட்டு, காற்றைப் பிதுக்கிவிட்டு, நேரே உறைபெட்டியில் வைத்துவிடவேண்டும். வேண்டும்போது எடுத்துத் தோசைக்கல்லில் போட்டால், 60 டிகிரியைத் தாண்டியதும் அடுக்கிக்கொண்ட சங்கிலிகள் கலைந்து பழைய மென்மை திரும்பும். ஒருமுறை சூடாக்கியதை மறுமுறை ஆறவைத்துச் சூடாக்குவதில் பயனில்லை, நீர் குறைந்துவிட்டிருக்கும். பைக்குள் வைப்பது வறுவலாகவோ பிரட்டலாகவோ இருக்கட்டும். தோல் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், குழம்பை ஊற்றினால் தாங்காது.